கொடையும் குறியெதிர்ப்பையும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகப் பாட்டும் பாட்டைப் பற்றிய பேச்சுமாகவே நடந்துவந்த இம்மன்றத்தில், தேர்தற் பணத்தை நெறிப்படுத்துவது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். 'இலக்கிய மேடைக்கு இது ஏற்ற பொருளா?' என்று சிலர் எண்ணக்கூடும். ஏற்ற பொருள்தான் என்பதே என் எண்ணம். சொல்லைக் காப்பது கவிஞரின் தொழில். தேர்தற் பணம் முதலில் கெடுத்தது நம் சொற்களைத்தான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வாக்குக்குப் பணம் கொடுப்பதை நம் நாளிதழ்கள் 'பணப் பட்டுவாடா' என்று எழுதுகின்றன. தபால் பட்டுவாடா, சம்பளப் பட்டுவாடா என்று நாம் வழங்கிவந்த சொல் அது. உரியவருக்கு உரியதைச் சேர்ப்பிப்பது என்பதே அதன் பொருள். கையூட்டு என்றோ லஞ்சம் என்றோ சொல்ல வேண்டிய இடத்தில் பட்டுவாடா என்று சொல்லிவிட்டால், வாங்குபவர் தமக்கு உரிய கூலியைப் பெறுபவராகிவிடுகிறார். 'கவர்' என்கிறோம், 'டோக்கன்' என்கிறோம், 'எங்கள் தெருவை இன்னும் கவனிக்கவில்லை' என்கிறோம். குற்றத்தின் பெயரைக் குற்றமற்ற சொல்லொன்று மூடிக்கொள்கிறது. இலக்கணத்தார் இடக்கரடக்கல் என்று ஒரு மரபைச் சொன்னார்கள். அவையில் சொல்லத்தகாததை நயமாகச் சொல்வது அது. ஆனால் செய்யத்தகாததை நயமாகச் சொல்லிச் செய்துகொள்வதற்கு எந்த இலக்கணமும் விதி தரவில்லை.

நம் மாவட்டத்து ஊர்ப்பெயர் ஒன்றும் இவ்வகையில் பொருள் மாறியிருக்கிறது. மதுரைக்குத் தென்மேற்கே, கரிசலும் மானாவாரியும் தொடங்கும் வழியில் இருக்கும் திருமங்கலம் மங்கலமான பெயருடைய ஊர். 2009 சனவரி 9 அன்று அங்குச் சட்டமன்ற இடைத்தேர்தல் நடந்தது. வாக்காளர்களுக்கு முன் எப்போதும் இல்லாத அளவில் பணம் வழங்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2011இல் வெளியான அமெரிக்கத் தூதரகக் குறிப்பொன்று, காலை நாளிதழுக்குள் உறை வைத்துப் பணம் சேர்ப்பிக்கப்பட்டதாக எழுதியிருந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள். குற்றச்சாட்டும் மறுப்பும் ஒருபுறம் இருக்கட்டும். 'திருமங்கலம் ஃபார்முலா' என்னும் தொடர் நாடெங்கும் பரவிவிட்டது. ஓர் ஊரின் பெயர் ஒரு செயலுக்கு ஆகிவந்தால் அது இடவாகுபெயர். மல்லிகைக்கும் சுங்குடிக்கும் தமிழுக்கும் பெயர் பெற்ற நாட்டிலிருந்து இந்தியாவுக்குக் கிடைத்த புதிய ஆகுபெயர் இது.

திருமங்கலத்தோடு இது நின்றுவிடவில்லை. 2016 மே மாதத்தில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு தொகுதிகளின் தேர்தலை, பணம் வழங்கப்பட்டமை காரணமாகத் தேர்தல் ஆணையம் நிறுத்தியது. 2017 ஏப்ரலில் சென்னை இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தல் வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருக்கும்போது கைவிடப்பட்டது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தொகுதித் தேர்தல் கைவிடப்பட்டு ஆகஸ்டு 5 அன்று நடத்தப்பட்டது. ஆக, சீர்திருத்தம் வேண்டுமா என்னும் கேள்வி நமக்கு ஏட்டுக் கேள்வி அன்று.

இனிப் பொருளுக்கு வருகிறேன். வள்ளுவர் ஈகை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும்போதே இருவகைக் கொடுத்தலைப் பிரித்துக் காட்டுகிறார். இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை. பிற எல்லாம் 'குறியெதிர்ப்பை' போன்றவை. குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, அதே அளவாகத் திருப்பித் தருவது. இன்று கைமாற்று என்கிறோம். புறநானூற்றிலும் இச்சொல் வருகிறது. குமணனிடம் பரிசில் பெற்றுவந்த பெருஞ்சித்திரனார், அதைப் பகிர்ந்துகொடுக்குமாறு மனைவியிடம் சொல்லும் பாட்டில், பசிக்காலத்தில் குறியெதிர்ப்பை தந்து உதவியவர்களையும் நினைவுகூர்கிறார். எனவே குறியெதிர்ப்பை இழிந்த செயல் அன்று. அண்டை வீட்டார் ஒரு படி அரிசி மாற்றிக்கொள்வது இல்லறத்தின் அழகு.

அது எப்போது இழிவாகிறது? இரண்டு நிலைகளில். கைமாற்றை ஈகை என்று பெயர் மாற்றிச் சொல்லும்போது ஒன்று. வாங்கிய கடனைத் தன் குதிரிலிருந்து தராமல் பிறர் குதிரிலிருந்து அள்ளித் தரும்போது மற்றொன்று. தேர்தற் பணத்தின் கேடு முழுவதும் இவ்விரண்டில் அடங்கும். ஒரு நிறுவனம் கட்சிக்குக் கொடுக்கிறது. அதனை 'நன்கொடை' என்கிறோம். கைம்மாறு கருதியதாயின் அது திரும்புவது கட்சியின் குதிரிலிருந்து அன்று, நாட்டின் குதிரிலிருந்து. வேட்பாளர் வாக்காளருக்குக் கொடுக்கிறார். அதனை 'அன்பளிப்பு' என்கிறோம். அதற்கு ஈடாகப் போவது ஒருவரின் வாக்கு மட்டுமன்று, பணம் வாங்காத பக்கத்து வீட்டாரின் ஐந்தாண்டுகளும்தான்.

இக்கேட்டைத் தடுக்க மூன்று வழிகள் பேசப்படுகின்றன. செலவுக்கு வரம்பு கட்டுவது, தேர்தற் செலவை அரசே ஏற்பது, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் வெளிப்படுத்துவது என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் சார்பாகவும் எதிராகவும் சொல்லப்படுவனவற்றை நடுநிலையில் நின்று நோக்குவோம்.

முதலில் வரம்பு. வேட்பாளர் செலவுக்கு வரம்பு கட்டும் முறை இங்கிலாந்தில் 1883ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. நம் நாட்டில் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதனை ஏற்றது. முதல் பொதுத் தேர்தலில் மக்களவை வேட்பாளருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் 25,000 ரூபாய் என இருந்த வரம்பு, 2022 சனவரியில் பெரிய மாநிலங்களுக்கு 95 லட்சமாகவும் சட்டமன்றத்துக்கு 40 லட்சமாகவும் உயர்ந்தது. மதுரை மக்களவைத் தொகுதியில் 2024இல் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் இருந்தனர். 95 லட்சத்தைப் பகிர்ந்தால் தலைக்கு ஏறத்தாழ 6 ரூபாய். நம் ஊர்க் கடையில் ஒரு தேநீருக்கும் போதாது.

வரம்பை ஆதரிப்போர் சொல்வது இது. வாக்குரிமை ஒருவர்க்கு ஒன்று என்று வைத்துவிட்டு, பேசும் வாய்ப்பைப் பணத்தின் அளவுக்கு விட்டால், முன்கதவால் அனுப்பிய ஏற்றத்தாழ்வு பின்கதவால் வந்துவிடும். ஊரில் நல்லவர் எனப் பெயரெடுத்த பள்ளி ஆசிரியரோ கைத்தறி நெசவாளரோ களத்தில் இறங்கவே அஞ்சுவர். இவ்வாதம் வலிமையுடையது.

எதிர்ப்போர் சொல்வதும் வலியதே. நடைமுறைக்கு ஒவ்வாத வரம்பு பொய்க்கணக்கைத்தான் வளர்க்கும் என்கின்றனர். வென்றவர் சட்டமன்றத்தில் எடுக்கும் உறுதிமொழிக்கு முன்பே, பொய்யான செலவுக்கணக்கில் கையெழுத்திட வேண்டியவராகிறார். மேலும், பதவியில் இருப்பவரின் பெயர் ஊருக்குத் தெரியும். புதியவர் தம் பெயரை அறிவிக்கவே செலவிட்டாக வேண்டும். எனவே வரம்பு சில வேளைகளில் பழையவருக்கே அரணாகிறது. அமெரிக்க உச்சநீதிமன்றம் 1976இல், வேட்பாளரின் செலவுக்கு வரம்பு கட்டுவது பேச்சுரிமைக்கு வரம்பு கட்டுவதாகும் என்று கருதி அவ்வரம்பை நீக்கியது. 2010இல் நிறுவனங்கள் தனித்துச் செய்யும் தேர்தற் செலவையும் அதே நோக்கில் அனுமதித்தது. பணம் மட்டுமே தேர்தலை முடிவு செய்வதில்லை என்போர் நம் பக்கத்து விருதுநகரைச் சுட்டுவர். 1967இல் பெருந்தலைவர் காமராசரையே ஒரு மாணவர் தலைவர் 1,285 வாக்குகளில் வென்ற தொகுதி அது.

நம் வரம்புக்கு இன்னொரு குறையும் உண்டு. வேட்பாளருக்குத்தான் வரம்பு. கட்சி பொதுவாகச் செய்யும் பரப்புரைக்கு வரம்பே இல்லை. 1974 அக்டோபரில் உச்சநீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில் சேரும் என்று தீர்ப்பளித்தது. அம்மாதமே அவசரச் சட்டம் வந்தது. கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்றாயிற்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த வாயில் திறந்தே கிடந்தது. கண்மாய்க்குக் கரை கட்டிவிட்டு மடையைத் திறந்து வைத்தது போன்ற சட்டம் அது. அண்டையிலுள்ள இலங்கை 2023இல்தான் தேர்தற் செலவுச் சட்டம் இயற்றியது. 2024 குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 இலங்கை ரூபாய் என்று வரம்பு கட்டியது. வாக்காளர் எண்ணிக்கையோடு சேர்த்துக் கணக்கிடும் அம்முறை நாம் எண்ணிப்பார்க்கத் தக்கது.

இரண்டாவது வழி, அரசே செலவை ஏற்பது. 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழுவும் 1998இல் இந்திரஜித் குப்தா குழுவும் இதனைப் பரிந்துரைத்தன. பணமாக அன்று, பொருளாகவும் வசதியாகவும் வழங்கலாம் என்பது அவர்கள் கருத்து. செருமனி 1959 முதலே கட்சிகளுக்கு அரசுப் பணம் வழங்கிவரும் நாடு. செல்வரிடம் கையேந்தாத கட்சி செல்வருக்குக் கடன்படாது என்பது இவ்வழியின் அழகு.

எதிர்வாதமும் கேளுங்கள். மானாவாரி நிலத்தில் மழையை நோக்கி நிற்கும் உழவரின் வரிப்பணம், அவர் வெறுக்கும் கட்சியின் சுவரொட்டிக்கும் போவது அறமா? அரசு தரும் வெள்ளைப்பணத்தை வாங்கிக்கொண்டு, மேலும் கறுப்புப்பணத்தை வாங்கமாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி? உட்கட்சித் தேர்தலும் தணிக்கை செய்த கணக்கும் இல்லாத அமைப்புகளுக்கு மக்கள் பணத்தை எப்படித் தருவது? சட்ட ஆணையம் 2015இல் அளித்த 255ஆம் அறிக்கையில், முழுச் செலவையும் அரசு ஏற்பது இயலாது என்றே கருதியது. என் பார்வையில், கணக்கு வெளிவராத வரை இவ்வழி ஓட்டைக் குடத்தில் ஊற்றும் வைகைநீர்.

இவ்வாறு இரு வழிகளும் மூன்றாவது வழியிடம் வந்து நிற்கின்றன. வரம்பு பொய்யா மெய்யா என்று அறியவும் கணக்கு வேண்டும், அரசுப் பணம் தரவும் கணக்கு வேண்டும். யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்னும் மூன்று விடைகளே சீர்திருத்தத்தின் கடைக்கால். நம் நாட்டில் மிகுதியாக மறைக்கப்பட்டனவும் இவையே.

1957இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தர இடமளிக்கும் வகையில் தன் அமைப்பு விதியைத் திருத்த டாட்டா இரும்பு நிறுவனம் இசைவு கேட்டது. சட்டப்படி இசைவு தந்த தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, இப்பழக்கம் வளர்ந்து ஒருநாள் மக்களாட்சியின் குரல்வளையை நெரிக்கக்கூடும் என்று எச்சரித்தார். 1969இல் நிறுவனங்களின் நன்கொடை முற்றிலும் தடை செய்யப்பட்டது. கொடுப்பது நின்றதா? இல்லை, காசோலை பெட்டிப்பணமாக மாறியது என்பதே அரசியலை அறிந்தோர் பலரின் கருத்து. 1985இல் தடை நீங்கியது. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், மூன்றாண்டுச் சராசரி ஆதாயத்தில் 7.5 விழுக்காடு வரை தரலாம் என்றது. 2017இல் அவ்வரம்பும் எடுக்கப்பட்டது.

2018 சனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரையுள்ள பத்திரங்களை வாங்கிக் கட்சிக்குத் தரலாம். வாங்கியவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. இத்திட்டத்துக்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. ஒரு கட்சிக்குக் கொடுத்தவர் பெயர் வெளியானால் மறுகட்சி ஆட்சிக்கு வரும்போது அவர் பழிவாங்கப்படுவார். அச்சத்தால் அவர் கறுப்புப்பணமாகத் தருவார். பெயரை மறைத்தால் வங்கிவழியே வெள்ளைப்பணமாகத் தருவார். இவ்வாதத்தை எளிதில் தள்ள முடியாது. அச்சம் உண்மையானது.

ஆனால் பெயர் யாருக்கு மறைக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். கொடுத்தவர் நேரே சென்று தரும் பத்திரத்தை வாங்குகிறவருக்குக் கொடுத்தவரைத் தெரியாமலா இருக்கும்? கொடுப்பவரும் அறிவார், பெறுபவரும் அறிவார், அறியாதவர் வாக்காளர் மட்டுமே. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக இத்திட்டத்தைச் செல்லாது என்றனர். வாக்களிப்பவருக்குக் கட்சியின் பணமூலத்தை அறியும் உரிமை உண்டு என்றனர். நிறுவன நன்கொடைக்கு இருந்த வரம்பை நீக்கியதையும் செல்லாது என்றனர்.

அடுத்த மாதமே பெயர்கள் வெளிவந்தன. 2019 ஏப்ரலுக்குப் பின் பணமாக்கப்பட்ட பத்திரங்களில் ஏறத்தாழப் பாதி, அதாவது 6,060 கோடி ரூபாய் அளவு, பாரதிய சனதா கட்சிக்குச் சென்றிருந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் தான் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்ததாகத் தெரிவித்தது. தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு 2003இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் 6.05 கோடி பெற்றதாகத் தெரிவித்தது. பத்திரமே வாங்கவில்லை என்று இரு பொதுவுடைமைக் கட்சிகளும் கூறின. பத்திரம் கொடுப்பதும் பெறுவதும் அன்றைய சட்டம் அனுமதித்தவையே. ஆயினும் பெயர்கள் வெளிவந்த அன்றுதான், யார் எதற்காகக் கொடுத்திருப்பார் என்று கேட்கும் உரிமை நமக்கு வந்தது.

நம் ஊரைத் தொட்ட சான்று ஒன்றும் உண்டு. 2019 மக்களவைத் தேர்தற் செலவாக தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் அளித்த கணக்கில், தோழமைக் கட்சிகளாகிய இந்தியக் கம்யூனிஸ்டு கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்டு கட்சிக்கு 10 கோடியும் வழங்கியதாகக் குறித்திருந்தது. அவ்வணியின் சார்பில் மதுரையில் வென்றவர் நமக்கெல்லாம் எழுத்தாளராக அறிமுகமான சு. வெங்கடேசன். அப்பணம் தேர்தற் பணிக்காக வங்கிவழியே பெறப்பட்டது என்று இடதுசாரிகள் விளக்கினர். ஏற்றவர் ஏற்றனர், மறுத்தவர் மறுத்தனர். ஏற்பதும் மறுப்பதும் எப்படி இயன்றன? தொகை தாளில் இருந்ததனால் இயன்றன. வெளிப்பட்ட கணக்கு விவாதத்தைப் பிறப்பிக்கிறது. மறைந்த கணக்கு வதந்தியை மட்டுமே பிறப்பிக்கிறது.

அன்பர்களே, கொடுத்தவர் பெயரை வெளியிடுவது மேலைநாட்டுப் புதுமை என்று யாரேனும் சொன்னால், அவரை அழகர்மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். கிடாரிப்பட்டிக்கு அருகே மலைக்குகையில் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. துறவியர்க்குக் கொடை தந்தவர்கள் அங்கே தம் பெயரோடு தொழிலையும் வெட்டிவைத்தார்கள். உப்பு வணிகர் இருக்கிறார், கொழு வணிகர் இருக்கிறார், அறுவை வணிகர் இருக்கிறார், பாணித வணிகர் இருக்கிறார், மதுரைப் பொற்கொல்லரும் இருக்கிறார். மாங்குளத்து மீனாட்சிபுரம் குன்றில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் கடலன் வழுதியின் பெயரும், வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவாகிய நிகமத்தாரின் பெயரும் உள்ளன. இன்னார், இன்ன தொழிலர், இன்ன ஊரினர் என்னும் மூன்றையும் கல்லே சொல்கிறது. இன்று தேர்தல் ஆணையத்திடம் 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடைக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. அன்று உப்பு விற்றவரும் தம் பெயரைச் சொல்லியே கொடுத்தார்.

இங்கு ஒரு தடை எழும். 'பெயரை மறைத்துக் கொடுப்பதல்லவா உயர்ந்த அறம்? கல்லில் வெட்டுவது புகழாசை அல்லவா?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. திருப்பித் தர இயலாத ஏழைக்குக் கொடுக்கும்போது பெயரை மறைப்பது பணிவு. ஆட்சியைக் கையில் வைத்திருப்பவருக்கு, அல்லது நாளை வைத்திருக்கப் போகிறவருக்குக் கொடுக்கும்போது பெயரை மறைப்பது பணிவு ஆகாது. ஈகைக்கு மறைவு அழகு. குறியெதிர்ப்பைக்குச் சாட்சி வேண்டும். கடன் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லாமல் நம் ஊரில் யாரேனும் எழுதுவாரா?

பழிவாங்கப்படுவோம் என்னும் அச்சத்துக்கும் விடை சொல்லியாக வேண்டும். அந்த அச்சம் பெயரை மறைப்பதால் தீராது. ஆளும் கட்சி விரும்பினால் வங்கியிலிருந்தே அறிந்துகொள்ள வழியுண்டு என்பதை நீதிமன்றமும் எண்ணிப்பார்த்தது. மறைப்பு வலியவருக்குத் திரை ஆயிற்றேயன்றி எளியவருக்குக் கேடயம் ஆகவில்லை. பழிவாங்குவதைத் தடுக்கவேண்டியது நடுவுநிலையான விசாரணை அமைப்பும் நீதிமன்றமும். சிறுதொகை தரும் எளியவரின் பெயரை மட்டும் காக்க ஒரு வரம்பு இருக்கலாம். அதிலும் ஒருவர் பலமுறை தந்தால் கூட்டிக் கணக்கிடும் விதி வேண்டும்.

கணக்குக் காட்டாதவருக்குத் தண்டம் என்பதும் நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்கிறது. அவ்வாட்சி நிலமுடைய அந்தணருக்கு மட்டும் உரியது, இன்றைய வாக்குரிமைக்கு அது ஒப்பாகாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் கணக்கு விதியில் அவர்கள் நம்மினும் கண்டிப்பானவர்கள். நம் சட்டம் செலவுக்கணக்குத் தராத வேட்பாளரை மூன்றாண்டுகளுக்கு விலக்குகிறது. உறவினரை ஒன்றும் செய்வதில்லை.

இதுவரை மேலே நிற்பவர்களைப் பற்றிச் சொன்னேன். வாக்காளர் தரப்பு வாதத்தையும் மதித்துக் கேட்க வேண்டும். பேரையூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு பெரியவர், 'ஐந்து வருசம் அவுக சம்பாதிக்கப் போறாக. அது எங்க காசுதானப்பா. வர்றப்ப வாங்கிக்கிட்டா என்ன குத்தம்?' என்று கேட்டால், அவரைப் பேராசைக்காரர் என்று பழிப்பது எளிது. ஆனால் அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மை. அது அவர் காசுதான். அவர் காணாத பாதியை நாம் கணக்குப் போட்டுக் காட்டலாம்.

இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள ஒரு தொகுதியில் பாதிப் பேருக்கு ஆயிரம் ரூபாய் வீதம் தருவதாக வைத்துக்கொள்வோம். தொகை 12 கோடியே 50 லட்சம். சட்டம் தரும் வரம்போ 40 லட்சம். முப்பது மடங்குக்கு மேற்பட்ட அப்பணம் எந்தக் கணக்கிலும் வராத பணமாகத்தான் இருக்க முடியும். அது மேலிருந்து வந்தாக வேண்டும். வென்றபின் திரும்பிப் போயும் ஆகவேண்டும். கண்மாய் மராமத்திலும் சாலைச் சரளையிலும் சத்துணவுக்கூடச் சுவரிலும் அது திரும்பிப் போகும். ஆகவே மேலே பெயரில்லாத நன்கொடையும் கீழே பெயரில்லாத உறையும் ஒரே கயிற்றின் இரு முனைகள். கீழ்முனையை மட்டும் பிடித்துக்கொண்டு வாக்காளரைத் திட்டுவதில் நேர்மை இல்லை. மேல்முனையில் பெயர் தெரிந்தால் கீழ்முனையில் உறை தானே மெலியும்.

வாங்குபவர் குற்றமற்றவர் என்று நான் சொல்லவில்லை. முன்பிருந்த தண்டனைச் சட்டத்திலும் 2024 சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சங்கிதையிலும் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகளே. ஆனால் பறக்கும் படைகள் வாகனங்களை மறித்துப் பிடிப்பது பெரும்பாலும் கையிருப்புப் பணத்தை. அதன் ஊற்றுக்கண்ணை அவர்கள் தொட முடிவதில்லை. 2011 தேர்தலின்போது திருச்சியில் ஆம்னிப் பேருந்தின் மேற்கூரையில் 5 கோடி ரூபாய்க்கு மேல் கைப்பற்றப்பட்டது. பணம் கிடைத்தது, அதன் மேல் பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை.

இனிக் கவிஞர்களாகிய நம் பங்கு. பரிசில் வாழ்வு நம் முன்னோர் வாழ்வு. கொடுப்பவரிடம் கைநீட்டிய மரபில் வந்தவர்கள் நாம். அதனால் பணத்தைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி குறைந்துவிடாது, கூடுகிறது. அதே பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் கேட்டுச் சென்றபோது, மன்னன் அவரை நேரிற் காணாமலே பரிசிலை அனுப்பினான். அவர் அதை ஏற்கவில்லை. தம் புலமையை அறிந்து, முகம் பார்த்துத் தருவது தினையளவாயினும் போதும், பாராமல் தருவதைப் பெறத் தாம் வணிகர் அல்லர் என்றார். பசியோடு இருந்தவர் சொன்ன சொல் இது. முகம் பாராத கொடை மதிப்பற்றது என்று அவர் கண்டார். முகம் காட்டாத கொடை கேடுடையது என்று நாம் காண்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. ஆனால் உண்மையானவை. ஒன்று, சொல்லைத் திருத்துவது. நம் எழுத்தில் பட்டுவாடா என்று எழுதாமல் கையூட்டு என்று எழுதுவோம். கவர் என்று சொல்லாமல் விலை என்று சொல்வோம். மற்றொன்று, எந்தக் கட்சி மேடையில் பாடினாலும் பெற்ற ஊதியத்தைக் கேட்பவரிடம் சொல்லும் துணிவு. பாடியது குற்றமில்லை. மறைத்தால்தான் பாட்டு பரப்புரையின் கூலியாகும்.

இந்த வட்டம் பத்தாண்டு நடந்தது எப்படி என்று எண்ணிப்பாருங்கள். வெளிவரவிருக்கும் ஆண்டுமலரின் பின்பக்கங்களைப் புரட்டினால், துணிக்கடையும் நகைக்கடையும் அச்சகமும் விளம்பரம் தந்து பெயரோடு நிற்பதைக் காண்பீர்கள். அழகர்மலையின் அறுவை வணிகரும் பொற்கொல்லரும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நூறு பிரதி அச்சிடும் மலருக்குக் கொடுத்தவர் பெயரை நாம் வெளியிடுகிறோம். நூற்று நாற்பது கோடிப் பேரை ஆளவரும் கட்சிகள், தமக்குக் கொடுத்தவர் பெயரை முழுமையாக வெளியிடட்டும் என்று கேட்பதற்கு நமக்கு எல்லா உரிமையும் உண்டு. வரம்பு எவ்வளவு, அரசுப் பங்கு எவ்வளவு என்பவற்றில் நாம் மாறுபடலாம். இந்த ஒன்றில் மாறுபட இடமில்லை என்பது என் துணிபு.

திருமங்கலம் என்னும் பெயர் மீண்டும் ஓர் ஊரின் பெயராக மட்டும் வழங்கும் நாள் வரவேண்டும். அந்நாளுக்கு வேண்டிய சொற்களைக் கவிஞர்களாகிய நீங்கள் தருவீர்கள் என்ற நம்பிக்கையோடு அமைகிறேன்.